புதுச்சேரி நைனியப்ப பிள்ளை சரித்திரம்
(பழைய ஏடுகளால் மீட்கப்பட்ட ஒரு பெயர்)

தம் முன்னோரைப் பற்றி அறிய விரும்பாதார் உலகில் இலர். ஆயினும், அவ்விருப்பமுடையாரிற் பலர் அறிதற்குரிய வழியைத் தேடுவதில்லை. வீட்டிலுள்ள முதியோர் சொன்ன கதை இரண்டு, விழாக் காலத்திற் படிக்கப்பெற்ற வாழ்த்துப்பா ஒன்று, இவை போதாவிடத்துக் கற்பனை சிறிது. இவற்றை ஒன்றாகக் கலந்து குலப்பெருமை என அச்சிட்டு மகிழ்தல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கமாயிற்று. கற்பனையாற் கட்டிய பெருமை, அயலான் ஒருவன் கேள்வி ஒன்று கேட்டவுடன் சரிந்து விழும். ஏட்டுச் சான்றால் நிறுவிய பெருமையோ, பகைவனே வந்து வினவினும் நிலைபெற்று நிற்கும்.

“எங்கள் முன்னோர் அரசரும் அல்லர், புலவரும் அல்லர், அவர்களைப் பற்றி எழுதி வைத்தார் யார்?” என்று அன்பர்கள் வினவக்கூடும். இவ்வினாவிற்கு விடையாக ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைக்கின்றோம். அவர் கல்வெட்டிற் புகழப்பட்டவர் அல்லர். காப்பியத் தலைவரும் அல்லர். குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டுச் சிறையில் இறந்தவர். அவரைத் தண்டித்தவர்கள் எழுதிய காகிதங்களும், அத்தண்டனை அநீதி என்று அவருடைய சுற்றத்தார் விடாது எழுதிய மனுக்களுமே இன்று அவரை நமக்குக் காட்டுகின்றன. அவர்தாம் புதுச்சேரி நைனியப்ப பிள்ளை.

நைனியப்பர் பெற்ற பதவி

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1664-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பிரான்சுவா மர்த்தேன் என்பவர் 1674 முதல் புதுச்சேரியைப் பேணி வளர்த்தார். டச்சுக்காரர் 1693-ல் அவ்வூரைக் கைப்பற்றி, 1699-ல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தனர். அதன்பின் அது விரைந்து வளர்ந்தது. நெசவாளரும், சாயக்காரரும், வணிகரும் வந்து குடியேறினர். கும்பினியார்க்கு வேண்டிய சரக்கு துணியேயாகும். அத்துணியைச் சிற்றூர்களினின்று திரட்டித் தருதற்கும், வணிகரோடு விலை பேசுதற்கும், அரண்மனைகளோடு காரியம் முடித்தற்கும், நாட்டு மொழியும் நாட்டு வழக்கும் அறிந்த ஒருவர் வேண்டப்பட்டார். அவரையே துபாஷி என்று மக்கள் வழங்கினர். கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருப்பவர் ஊரில் வாழும் தமிழ் மக்களுக்கும் தலைவராக மதிக்கப்பட்டார். அவர் சொல்லை நம்பி வணிகர் கடன் கொடுத்தனர். அவர் சொல்லை நம்பியே குவர்னரும் ஒப்பந்தம் செய்தார்.

இப்பதவியை நைனியப்ப பிள்ளை 1708-ஆம் ஆண்டில் எபேர் என்னும் குவர்னரிடமிருந்து பெற்றார். அவர் கிறிஸ்தவர் அல்லர். தம் முன்னோர் சமயத்திலே நின்றவர். புதுச்சேரியிலிருந்த இயேசு சபைக் குருமார்கள், இத்துணைச் செல்வாக்குடைய பதவியிற் கிறிஸ்தவர் ஒருவரே இருத்தல் வேண்டும் என்று பிரெஞ்சு அரசருக்கு எழுதி வந்தனர். ஊரிலுள்ள திருக்கோயிலை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பற்றிப் பூசல் பன்முறை எழுந்தது. ஊரைவிட்டே போய்விடுகிறோம் என்று குடிகள் கிளம்பிய காலமும் உண்டு. நெசவாளரும் வணிகரும் வெளியேறினால் கும்பினியின் கப்பல் வெறுங்கப்பலாகத் திரும்பும். ஆதலின், கும்பினியார் சமயத்திற்கு இரங்குவதா, வணிகத்திற்கு இரங்குவதா எனத் தெளியாது இரண்டிற்கும் நடுவே தடுமாறினர். அத்தடுமாற்றத்தின் நடுவில் நின்றவர் நைனியப்பர்.

தீர்ப்பும் தண்டனையும்

எபேர் 1713-ல் பதவியினின்று நீங்கி, 1715-ல் மீண்டும் அதிகாரத்துடன் புதுச்சேரிக்கு வந்தார். முன்பு நைனியப்பருக்குப் பதவி கொடுத்தவர் அவரே. இப்பொழுது அவரைச் சிறைப்படுத்தியவரும் அவரே. 1716-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் நைனியப்பர் பிடிக்கப்பட்டுக் கோட்டையில் அடைக்கப்பட்டார். குடிகளைக் கொடுமைப்படுத்தினார் என்பதும், ஊரிற் கலகம் மூட்டினார் என்பதும் அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆலோசனைச் சபையார் தீர்ப்புக் கூறினர். கடைத்தெருவில் மக்கள் காண 50 கசையடி, 3 ஆண்டு சிறை, சொத்துப் பறிமுதல், அதன்பின் நாடு கடத்தல் என்பது தண்டனை. நேற்று வரை எந்தக் கடைத்தெருவில் வணிகர் எழுந்து நின்று வணங்கினரோ, அந்தக் கடைத்தெருவிலேயே அவர் அடிக்கப்பட்டார். 1717-ஆம் ஆண்டிற் சிறையிலேயே உயிர் துறந்தார்.

இவ்வளவோடு ஏடு முடிந்திருக்குமானால், “கொடுமையும் கலகமும் செய்து தண்டிக்கப்பட்ட ஒரு துபாஷி” என்று ஒரு வரியில் அவர் சரித்திரமும் முடிந்திருக்கும். தீர்ப்பு எழுதுவோர் கையில் அதிகாரம் மட்டும் அன்று, மையும் இருக்கின்றது. தோற்றவனுடைய பேச்சு அவனைத் தோற்கடித்தவனுடைய எழுத்திலேதான் பதிவாகின்றது. பழைய நியாயத்தல ஏடுகளைப் படிக்கப் புகுவார் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை இது.

மொழியால் நேர்ந்த இடர்

இவ்வழக்கில் மிகவும் கருதத்தக்கது மொழி பற்றிய செய்தியாகும். அக்காலத்திற் கடற்கரைப் பட்டினங்களில் ஐரோப்பியரும் நம் நாட்டாரும் ஒருவரோடொருவர் பேசிய பொதுமொழி போர்த்துக்கேசியம். நைனியப்பர் அம்மொழியை நன்கு அறிந்தவர். கும்பினி உத்தியோகஸ்தருடன் பல்லாண்டு அதிலேயே காரியம் பேசி வந்தவர். அவ்வாறிருந்தும், விசாரணையின்போது அவரிடம் வினாக்கள் தமிழிலேயே கேட்கப்பட்டன. மொழிபெயர்த்தவர் மனுவேல் என்பவர். அவர் இயேசு சபையாரின் உபதேசியார் ஒருவருடைய மகன். நைனியப்பர் சொன்னது யாது, மனுவேல் சொன்னது யாது என்று ஒத்துப் பார்த்தற்குத் தமிழறியாத நியாயாதிபதிகளால் இயலாது.

தாய்மொழியில் விசாரித்தல் நன்மைதானே என்று மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் கருதுவர். ஆனால், நியாயாதிபதிக்கும் பிரதிவாதிக்கும் பொதுவான மொழி ஒன்று இருக்க, அதனை விடுத்து இடையில் ஒரு மூன்றாமவரை நிறுத்தியதால், பிரதிவாதியின் சொல் நேரே நியாயாதிபதியின் செவிக்குச் செல்லும் வழி அடைபட்டது. சாட்சிகளின் நிலையும் இதுவே. அவர்கள் தமிழிற் சொல்லியது பிரெஞ்சில் எழுதப்பட்டது. தாம் படிக்கவியலாத காகிதத்தில் அவர்கள் ஒப்பமிட்டனர். இக்குறைகளையெல்லாம் பின்னர் எழுந்த மனுக்கள் எடுத்துக்காட்டின. பிறர் சொல்லை மொழிபெயர்த்து வாழ்ந்த ஒருவர், தம் சொல்லைப் பிறர் மொழிபெயர்த்தமையாற் கெட்டார் என்பது எவர் உள்ளத்தையும் உருக்கும்.

சுற்றத்தார் விடாது எழுதிய மனுக்கள்

நைனியப்பர் பெயராலும், அவர் மக்கள் பெயராலும், அவருடன் துன்புற்ற மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை பெயராலும் மனுக்கள் கடல் கடந்து பிரான்சு சென்றன. அக்காலத்தில் ஒரு கடிதம் புதுச்சேரியினின்று பாரிசு நகரம் சேர்தற்குப் பல மாதம் ஆகும். விடை வருதற்கு மீண்டும் பல மாதம். பெருங்காற்றுக்குத் தப்பிய கப்பலே கடிதத்தையும் கொணரும். இத்துணை இடையூறு இருந்தும் அவர்கள் எழுதுவதை நிறுத்தினார் இல்லை. அப்போது இந்திய வணிகத்தை நடத்தி வந்த சேன் மாலோ நகரத்து வணிகர்கள் நைனியப்பருக்குச் சார்பாக நின்றனர். இயேசு சபையாரோடு மாறுபட்டிருந்த வேறு பிரெஞ்சுக் குருமாரும் அவர் பக்கமே பேசினர். கிறிஸ்தவர் அனைவரும் ஒருபுறமும், அல்லாதார் மறுபுறமும் நின்ற வழக்கு அன்று இது. ஏடுகளை முழுமையும் படியாமல், முதல் ஏட்டை மட்டும் படித்துச் சமயப் பகையாகவே இதனை முடித்துக் கூறுவோர் உண்மையிற் பாதியையே கூறுவர்.

1718-ஆம் ஆண்டில் எபேர் பதவியினின்று நீக்கப்பட்டார். லா பிரெவோத்தியேர் குவர்னரானார். அரசருடைய ஆணையினால் வழக்கு மறுபடியும் ஆராயப்பட்டது. 1720-ஆம் ஆண்டில் பழைய தீர்ப்புத் தள்ளப்பட்டு, நைனியப்பர் குற்றமற்றவர் எனத் தெளிவிக்கப்பட்டார். இறந்து மூன்றாண்டு கழித்து நியாயம் கிடைத்தது. எந்தச் சபை அவரைக் குற்றவாளி என்று எழுதியதோ, அந்தச் சபையின் ஏட்டிலேயே அவர் குற்றமற்றவர் என்றும் எழுதப்பட்டது.

அவர் மூத்த மகன் குருவப்ப பிள்ளை தாமே பிரான்சு சென்றார். அரசர் சிறுவராயிருந்தமையின் நாட்டை ஆண்டுவந்த ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தையாக நிற்க, அவர் அங்குக் கிறிஸ்தவ சமயம் தழுவினார். சேன் மிஷேல் விருதின் வீரர் வரிசையிலும் சேர்க்கப்பட்டார். 1722-ல் புதுச்சேரிக்குத் திரும்பித் தந்தை வகித்த பதவியையே பெற்று, 1724-ல் காலமானார். தந்தை தம் சமயத்தைக் காத்துப் பதவியை இழந்தார். மகன் சமயம் மாறித் தந்தையின் பெயரையும் பதவியையும் நிலைநிறுத்தினார். இதிற் சரியெது, பிழையெது என்று முந்நூறு ஆண்டு கழித்து நாம் தீர்ப்புரைத்தல் எளிது. அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்தலே சரித்திரக்காரன் கடமை.

ஆனந்தரங்கர் இல்லம்

மேற்கூறிய திருவேங்கடம் பிள்ளையின் மகனே, நாட்குறிப்பினால் உலகப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்த அவருக்கு, நைனியப்பர் சிறையில் இறந்தபோது வயது எட்டு. லா பிரெவோத்தியேர் அழைப்பினால் திருவேங்கடம் பிள்ளை மீண்டும் புதுச்சேரி வந்து தொழில் நடத்தினார். மகனோ, 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாகத் தம் இறுதிக் காலமாகிய 1761 வரையில், தாம் கண்டதும் கேட்டதும் ஆகிய செய்திகளை நாள்தோறும் எழுதி வைத்தார். குவர்னர் இன்னது கேட்டார், யான் இன்னது மறுமொழி சொன்னேன் என்று சொல்லுக்குச் சொல் எழுதும் வழக்கம் அவரிடம் இருந்தது. சொன்ன சொல்லுக்குச் சான்றில்லாமையால் தம் குடும்பம் பட்ட துன்பத்தை இளமையிலே கண்டவர் இங்ஙனம் எழுதத் தலைப்பட்டது இயல்பே என்பது நம் கருத்து.

அந்நாட்குறிப்பும் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அவர் காலமாகி எண்பத்தைந்து ஆண்டுகட்குப்பின், 1846-ல், கலுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சு உத்தியோகஸ்தர் அதனைக் கண்டு படியெடுப்பித்தார். சென்னை அரசாங்கத்தார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து, 1904 முதல் 1928 வரையில் 12 தொகுதிகளாக வெளியிட்டனர். ஒருவர் கண்ணிற் படாதிருந்தால் செல்லரித்துப் போயிருக்கக்கூடிய அவ்வேடுகள், இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தை அறிதற்கு இன்றியமையாத கருவியாக விளங்குகின்றன.

ஏடுகள் இருக்கும் இடங்கள்

நைனியப்பர் வழக்குக் காகிதங்கள் ஓரிடத்தில் இல்லை. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் பழைய ஆவணங்கள் தென்பிரான்சிலுள்ள ஏக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. குருமார் எழுதிய கடிதங்கள் அவ்வச் சபையாருடைய காப்பகங்களில் உள்ளன. புதுச்சேரியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை ஒன்று இருக்கின்றது. ஆலோசனைச் சபையின் நடவடிக்கைக் குறிப்புக்களை 1911-ல் தோன்றிய பிரெஞ்சிந்திய சரித்திரச் சங்கத்தார் அச்சிட்டனர். சபையின் தீர்ப்புக்களைத் தொகுத்து வெளியிட்டவர் புதுச்சேரி அறிஞர் ஞானு தியாகு. 1932-ல் பால் ஒலாஞ்ஞியே என்பவர் இவ்வழக்கைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். 2017-ல் டானா அக்மோன் என்னும் சரித்திர ஆசிரியை, பல காப்பகங்களிற் சிதறிக் கிடந்த காகிதங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஆங்கிலத்தில் விரிவான நூல் ஒன்று வெளியிட்டார்.

இக்காகிதங்களிற் பெயரைத் தேடிப் பிடிப்பதே ஒரு கலையாகும். பிரெஞ்சு எழுத்தர்கள் தம் செவிக்குக் கேட்டபடி நம் பெயர்களை எழுதினர். நைனியப்பர் ‘நனியாப்பா’ ஆவார். குருவப்பர் ‘குருவாப்பா’ ஆவார். திருவேங்கடம் ‘திருவங்காடன்’ ஆவார். தந்தை பெயர் யாது, ஊர் யாது, தொழில் யாது, உடன் கையொப்பமிட்டவர் யார் என்று சுற்றிலும் ஆராய்ந்தே, ‘இவர்தாம் அவர்’ எனத் துணிதல் வேண்டும். பெயர் ஒத்தது என்ற அளவில் உறவு கொண்டாடுதல் தகாது.

ஏட்டின் இயல்பறிந்து படித்தல்

ஏடு எவ்வகையது என்பதறிந்து அதற்கேற்பக் கேள்வி கேட்டல் வேண்டும். கிறிஸ்தவக் கோயிற் பதிவேடு ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் கூறும். ஆனால், கிறிஸ்தவரல்லாத குடும்பத்தை அதில் தேடிப் பயனில்லை. விலைச்சாசனமும் பாகப்பிரிவினையும் வீட்டின் எல்லை, பங்காளிகள், பெண்மக்கள் உரிமை முதலியவற்றைக் கூறும், மனத்துயரத்தைக் கூறா. மனு துயரத்தை விரித்துரைக்கும். மனுதாரர்க்கு மாறானதைக் கூறாது. தீர்ப்பு முடிவைக் கூறும். முடிவுக்கு வந்த வழியைப் பெரும்பாலும் மறைக்கும். ஆதலின், ஒன்றை மட்டும் நம்பியவர் வழி தவறுவர். நைனியப்பர் வழக்கில் 1716-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் படித்தவர் அவரைக் கொடியவர் என்பர். மனுவை மட்டும் படித்தவர் அவரைக் குறையொன்றும் இல்லாதவர் என்பர். தலைமைத் துபாஷியாகிய ஒருவர், கடன் கொடுத்தும், விலை பேசியும், ஊராரை அடக்கியும் செல்வம் சேர்த்தவர். அவர்மேற் சிலர்க்கு மனத்தாங்கல் இருந்திருத்தல் கூடும். ஆயினும், நேர்மையாக விசாரிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வுரிமை மறுக்கப்பட்டது என்பதே ஏடுகள் அனைத்தையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்பொழுது விளங்குவது.

நாம் செய்யத்தக்கது

புதுச்சேரியில் இன்றும் நைனியப்ப பிள்ளை தெரு என ஒரு தெரு உளது. அதன் வழியே நாள்தோறும் எத்தனையோ பேர் செல்கின்றனர். அப்பெயர் கேட்டவுடன் ஒரு மனிதரும், ஒரு சிறையும், கடல் கடந்த ஒரு மனுவும் நினைவிற்கு வருவது எத்தனை பேர்க்கு? பெயரைத் தெருப்பலகை காக்கும். வாழ்க்கையை ஏடே காக்கும்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற் பழைய பெட்டிகளில் ஓலைச் சுவடிகளும், விலைப் பத்திரங்களும், கணக்குப் புத்தகங்களும், நியாயத்தல நகல்களும் இருத்தல் கூடும். வீடு புதுப்பிக்கும்பொழுது பழங்குப்பை என அவற்றை எரித்துவிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். எழுத்துப் புரியாவிடில் புரிந்தவரிடம் காட்டுக. படியெடுத்து, இன்னார் வீட்டில் இன்ன ஆண்டில் கிடைத்தது எனக் குறித்து வைக்குக. முதியோர் சொல்லும் செய்தியை அவர் இருக்கும்பொழுதே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் உடன் எழுதுக. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும், பத்திரப் பதிவு அலுவலகங்களிலும் உள்ளனவற்றைத் தேட இளைஞர்களை ஊக்குக. பெருமை தருவதை மட்டும் எடுத்து, அல்லாததை மறைத்தல் வேண்டா. முன்னோர் ஒருவர் வழக்கிற் தோற்றார், கடன்பட்டார், சிறை சென்றார் என்று ஏடு கூறுமாயின், அதனையும் அஞ்சாது எழுதுக. அவ்வேட்டின் அடுத்த பக்கத்தில் யாது எழுதியிருக்கின்றது என்பதை யார் அறிவார்? முதல் பக்கத்தோடு நாணி மூடிவைத்திருந்தால், நைனியப்பர் இன்றும் குற்றவாளியாகவே இருந்திருப்பார்.

அவருடைய மக்களும் மைத்துனரும் செய்தது பெரிய வீரச் செயல் அன்று. நடந்தது அநீதி என்று எழுதினர். விடை வாராதபோதும் மீண்டும் எழுதினர். அவ்வெழுத்தே நியாயத்தையும் பெற்றுத் தந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து அவர் பெயரை நம் கைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. நம் முன்னோர் பொருட்டு நாமும், நமக்குப் பின்வருவோர் பொருட்டும், எழுதியதைக் காத்தலும் காத்ததைப் படித்தலும் ஆகிய இவ்விரு கடமைகளையும் மேற்கொள்வோமாக.